கைப்பிடி போட்ட றபான்

பேன்ஜோ எந்த நாட்டு வாத்தியம் என்று கேட்டால் நம்மில் அநேகமானோர் யோசிக்காமல் அமெரிக்கா என்போம். கௌபோய்த் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் மர வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்து அதைத் தட்டுவார். பக்கத்தில் இன்னொருவர் பிடில் இழுப்பார். சினிமாவிலும் கார்ட்டூனிலும் அப்படித்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். இப்போது பிள்ளைகளின் போன்களில் அந்த மாதிரி வீடியோக்கள் நிறைய வருகின்றன. இரண்டே பேர். ஒரு பிடில், ஒரு பேன்ஜோ. ஒரே மெட்டைப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பி வாசிக்கிறார்கள். 'ஓல்ட் டைம்' இசை என்று அதற்குப் பெயர்.

அப்படியொன்றைக் கேட்ட மாணவர் ஒருவர், "சேர், இது பைலா மாதிரி இரிக்கே" என்றார். வகுப்பே சிரித்தது.

சிரிக்கிற விஷயமில்லை அது. அந்தப் பிள்ளையின் காது சொன்னதில் பாதி சரி. தாளம் வேறு, ஆனால் இரண்டும் பிறந்த விதம் ஒன்று. ஐரோப்பியனின் பிடிலும், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கனின் தாளமும் அந்நிய மண்ணொன்றில் சந்தித்ததால் பிறந்தவை இரண்டும். ஒரு சந்திப்பு அமெரிக்கத் தோட்டங்களில் நடந்தது. மற்றது நம்முடைய இலங்கைக் கரையில் நடந்தது. அதன் பேரப்பிள்ளைகள் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் வசிக்கிறார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

(இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை மௌலவிமாரிடம் விட்டுவிடுவோம். இது சரித்திரம்.)

பேன்ஜோவின் உடம்பை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வட்டமான ஒரு சட்டம். அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல். இப்போது பிளாஸ்டிக் போடுகிறார்கள், முன்பு ஆட்டுத்தோல் அல்லது கன்றுத்தோல். இவ்வளவு வரைக்கும் அது நம் பக்கத்து றபான்தான். அந்த றபானுக்கு நீளமாக ஒரு கைப்பிடி போட்டு, ஐந்து கம்பி இழுத்துக் கட்டினால் பேன்ஜோ. கிற்றாரும் வயலினும் மரப்பெட்டியால் பேசுகிற வாத்தியங்கள். பேன்ஜோ தோலால் பேசுகிறது. அதனால்தான் அதன் ஓசை 'ணங், ணங்' என்று வெடித்து உடனே அடங்கிவிடுகிறது. கம்பி வாத்தியம் பாதி, மேளம் பாதி.

இங்கே சிலருக்குக் குழப்பம் வரும். புல்புல்தாராவையும் நம் பக்கத்தில் சிலர் பேன்ஜோ என்பார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அந்தப் பெயர் பரவலாக உண்டு. டைப்ரைட்டர் மாதிரிக் கட்டைகளை அமத்தி வாசிக்கிற அந்தப் பெட்டி வேறு. 1912இல் ஜப்பானின் நகோயாவில் உருவான தைஷோகோத்தோ என்ற வாத்தியத்தின் வழிவந்தது அது. தோலில்லை, கழுத்துமில்லை.

தோல் போட்ட பேன்ஜோவின் மூதாதையர் மேற்கு ஆபிரிக்காவில் இருக்கிறார்கள். செனகல், கம்பியா, கினி பிசாவு பக்கத்தில் ஜோலா என்றொரு சமூகம். இன்று அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள், பெரும்பாலும் நெல் விவசாயிகள். (தம்பலகாமத்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.) அவர்களிடம் அகொன்டிங் என்றொரு வாத்தியம் உண்டு. பெரிய சுரைக்குடுவையைப் பாதியாக வெட்டி, வாயில் ஆட்டுத்தோல் கட்டி, நீளமான தடியொன்றைச் செருகி, மூன்று கம்பி இழுத்திருப்பார்கள். அதில் ஒன்று குட்டைக் கம்பி. விரல் நகத்தால் கம்பியை மேலிருந்து கீழே அடிப்பார்கள், உடனே பெருவிரல் போய் அந்தக் குட்டைக் கம்பியைக் கொக்கி போட்டு இழுக்கும். அடி, இழு, அடி, இழு. அமெரிக்க மலைநாட்டில் பழைய பாணியில் பேன்ஜோ வாசிப்பவர்களின் கையைப் பாருங்கள். அதே அடி, அதே இழு. அங்கே அதற்கு 'க்ளோஹேமர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பேன்ஜோவிலும் ஐந்தாவது கம்பி குட்டைதான், பெருவிரலுக்கென்றே ஒதுக்கியது.

அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவனிடம் வாத்தியம் இருந்திருக்காது. உடுதுணியே இருந்ததில்லை. ஆனால் கைக்குப் பழகியது கையோடு போகும். போய் இறங்கிய இடத்திலும் சுரைக்காய் காய்த்தது, ஆடு இருந்தது. ஜமெய்க்காவுக்கு 1680களில் போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர், அங்கிருந்த அடிமைகள் சுரைக்குடுவையில் செய்து வாசித்த கம்பி வாத்தியங்களைப் பார்த்து 1707இல் வெளிவந்த தன் நூலில் படத்தோடு பதிவு செய்தார். பிறகு அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், வேர்ஜினியா மாநிலத்தைப் பற்றி 1780களின் தொடக்கத்தில் எழுதிய நூலில், கறுப்பர்களின் வாத்தியம் 'பன்ஜார்' என்றும் அதை அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் எழுதினார். அவரும் நூற்றுக்கணக்கான அடிமைகளின் சொந்தக்காரர்தான். அவர் காலத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. பேன்ஜோ என்றால் கறுப்பர் வாத்தியம், அவ்வளவுதான்.

இனிப் பிடிலைப் பார்ப்போம். பிடிலும் வயலினும் ஒரே வாத்தியம். மேடையில் கோட் போட்டு வாசித்தால் வயலின், கொட்டிலில் ஆட்டத்துக்கு வாசித்தால் பிடில். ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ரோம் எரிந்தது கி.பி. 64இல். வயலின் உருவானது 16ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில். நீரோ என்னதான் செய்துகொண்டிருந்தாலும் பிடில் வாசிக்கவில்லை என்பது நிச்சயம்.

வயலினுக்கு முன்பு ஐரோப்பாவில் ரெபெக் என்றொரு வில் வாத்தியம் இருந்தது. போர்த்துக்கேய மொழியில் ரபேக்கா. இது அரபிகளின் ரபாப், ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போய் எடுத்த உருவம். ஆக, பிடிலின் வம்சத்திலும் அரபு இரத்தம் ஓடுகிறது, பேன்ஜோவின் வம்சத்திலும் முஸ்லிம் ஆபிரிக்கா இருக்கிறது. இதைச் சொன்னதும் "பாத்தியளா, எல்லாம் நம்மட ஆக்கள் கண்டுபிடிச்சது" என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து பொறுங்கள். வாத்தியம் கை மாறிக்கொண்டே இருக்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நிலைமையில் மாறியது என்பதுதான் இங்கே விஷயம்.

அமெரிக்காவில் மாறிய நிலைமை இது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்து ஆள் சேர்த்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த வருடமே அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. ஆனால் பிடிலுக்குத் தடையில்லை. ஏனென்றால் எசமானர் வீட்டு விருந்தில் ஆட்டத்துக்கு வாசிக்க ஆள் வேண்டுமே. பிடில் வாசிக்கத் தெரிந்த அடிமைக்கு விலையும் கூட. 1841இல் கடத்தப்பட்டுப் பன்னிரண்டு வருடம் அடிமையாகக் கிடந்த சொலமன் நோர்த்தப் என்ற சுதந்திரக் கறுப்பர் ஒரு பிடில்காரர்தான். வாசிக்கக் கூலி தருகிறோம் என்று ஆசை காட்டித்தான் அவரை அழைத்துப் போனார்கள்.

மேளத்தைப் பறித்தவர்களின் கண் முன்னாலேயே, மேளத்தின் வேலையைத் தோல் போட்ட பேன்ஜோ செய்தது. மெட்டைப் பிடில் பிடித்தது. இரண்டும் சேர்ந்தால் ஆட்டத்துக்கு வேறொன்றும் வேண்டாம். இந்தச் சோடியின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் கச்சேரி மாதிரி இல்லை. ஒருவர் முன்னால், மற்றவர் பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு இதில் கிடையாது. இருவரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். முதல் பாதி இரண்டு தடவை, உயர்ந்த சுரத்தில் இரண்டாம் பாதி இரண்டு தடவை, பிறகு மறுபடி முதலிலிருந்து. ஆடுகிறவர்களின் கால் ஓயும் வரை. பிடில் கோட்டை இழுத்துக்கொண்டு போகும், பேன்ஜோ அதே கோட்டைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வரும். தனித்துக் கேட்டால் இரண்டும் குறைதான்.

இதை வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டதுதான் அடுத்த கட்டம். 1843இல் நியூயோர்க்கில் நான்கு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். பிடில், பேன்ஜோ, தம்பூரின், எலும்புத் தாளம். கறுப்பர்களைக் கோமாளிகளாக்கிக் காட்டும் அந்த ஆட்டம் அமெரிக்கா முழுக்கப் பணம் குவித்தது. கறுப்பனின் வாத்தியத்தைக் கொண்டே கறுப்பனைக் கேலி செய்தார்கள். பிறகு தொழிற்சாலையில் உலோக வளையம் போட்டுப் பேன்ஜோ செய்தார்கள், வீட்டு ஹோலில் சீமாட்டிகளும் வாசித்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பனிகள் வந்தன. அவர்கள் விற்பனைக்காக இரண்டு பட்டியல் போட்டார்கள். கறுப்பர்களுக்கு 'ரேஸ்' தட்டு, வெள்ளையர்களுக்கு 'ஹில்பில்லி' தட்டு. கறுப்பர்கள் என்றால் புளூஸ் பாட வேண்டும், பிடிலும் பேன்ஜோவும் மலைநாட்டு வெள்ளையர்களுக்கு. பிடில், பேன்ஜோ வாசித்த கறுப்புக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தபோதும் அவர்களில் மிகச் சிலரே தட்டில் ஏறினார்கள். தட்டில் இல்லாதவன் சரித்திரத்தில் இல்லை. முப்பது, நாற்பது வருடத்தில் அந்த வாத்தியத்துக்கு வேறு பிறப்புச் சான்றிதழே எழுதியாயிற்று.

இந்த இடத்தில் இரண்டு மச்சான்மாரைச் சொல்லாமல் போக முடியாது. வட கரோலினாவில் ஜோ தொம்சன் பிடில், அவருடைய பெரியப்பா சித்தப்பா வழி உறவான ஓடெல் தொம்சன் பேன்ஜோ. (மச்சான் என்று சொன்னது நம் வழக்கத்துக்கு. அவர்கள் ஊரில் எல்லாம் 'கசின்'தான்.) புகையிலை, சோளம் விளையும் கிராமத்துக் கறுப்புக் குடும்பம். சோளக்கதிர் உரிக்க அயலவர்கள் ஒன்றுகூடும் இரவுகளில் ஆட்டத்துக்கு வாசித்த பரம்பரை. ஓடெல் 1994இல் காலமானார். ஜோ தனியானார். 2005இல் ரியானன் கிடன்ஸ், ஜஸ்டின் ரொபின்சன், டொம் ஃபிளெமன்ஸ் என்ற மூன்று இளம் கறுப்பர்கள், எண்பது வயது தாண்டிய ஜோவின் வீட்டுக்கு வாரம் தோறும் போய் உட்கார்ந்து அந்த மெட்டுகளைப் படித்தார்கள். அவர் 2012இல் தன் 93ஆவது வயதில் காலமாவதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய குழுவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 2025இல் கிடன்ஸ் பேன்ஜோவும் ரொபின்சன் பிடிலுமாக, இரண்டே பேராக, வட கரோலினாவின் திறந்த வெளியில் இருந்து ஒரு தொகுப்பு வாசித்து வெளியிட்டார்கள். சில்வண்டுச் சத்தம்கூட அதில் கேட்கிறது. அழிக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

அந்தக் கிடன்ஸ் செய்த இன்னொரு வேலை நமக்கு முக்கியம். 'உமர்' என்று ஓர் இசை நாடகம் எழுதினார். மைக்கேல் ஏபல்ஸ் என்பவரோடு சேர்ந்து இசையமைத்தார். 2022இல் சார்ல்ஸ்டன் நகரில் அரங்கேறி, 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது. யார் இந்த உமர்? உமர் இப்னு ஸயீத். இன்றைய செனகல் பக்கத்தில் ஃபூத்தா தோரோ என்ற இடத்தில் 1770 அளவில் பிறந்து, பல வருடம் மார்க்கக் கல்வி கற்ற ஆலிம். 1807இல் அதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டார். கொடுமைக்கார எசமானிடமிருந்து தப்பி ஓடி, வட கரோலினாவின் ஃபயட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டபோது, கரித்துண்டால் சுவரில் அரபு எழுதினார். காட்டுமிராண்டி என்று நினைத்துப் பிடித்துப்போட்டவன் எழுதுகிறானே என்று ஊரே வந்து பார்த்தது. 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்தபோதே ஒருவர் அரபியில் எழுதிய சுயசரிதையாக இன்று கைக்கெட்டுவது அது ஒன்றுதான். கையெழுத்துப் பிரதி இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அது சூரத்துல் முல்க்கில் தொடங்குகிறது. முல்க் என்றால் ஆட்சி, உடைமை. இன்னொரு மனிதனின் உடைமை என்று பத்திரத்தில் எழுதப்பட்ட ஒருவர், தன் கதையை எந்த ஸூறாவால் தொடங்கலாம் என்று தேடி அதை எடுத்திருக்கிறார். நம் பிள்ளைகள் இரவில் ஓதிப் படுக்கிற அதே ஸூறா.

பேன்ஜோவைத் தேடிப் போன பெண் உமரிடம் போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை. அந்த வாத்தியம் வந்த அதே கரையிலிருந்து வந்தவர் அவர்.

இனி நம்ம கரைக்கு வருவோம்.

வகுப்பில் போர்த்துக்கேயர் பாடம் வரும்போது சொற்களைப் பட்டியல் போடுவோம். கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண், துவாய், லேஞ்சி, வாங்கு. எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. பைலாவும் கபிரிஞ்ஞாவும் அவர்களோடு வந்தன என்று ஒரு வரியும் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் கபிரிஞ்ஞா என்ற அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு கப்பலே இருக்கிறது.

கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வியாபாரம் செய்த அரபுக் கப்பல்காரர், இஸ்லாத்தை ஏற்காத உள்நாட்டு மக்களைக் காஃபிர் என்றார்கள். அதைப் போர்த்துக்கேயர் தங்கள் நாக்குக்கு 'காஃப்ரி' ஆக்கி, ஆபிரிக்கர் என்ற பொருளில் புழங்கினார்கள். தமிழில் அது காப்பிரி. போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மொசாம்பிக் பக்கத்திலிருந்தும் கோவா சந்தையிலிருந்தும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் வந்தது, ஒல்லாந்தர் அவர்களை அங்கே அடைத்து வைத்ததால்தான். காஃப்ரி என்பதோடு போர்த்துக்கேயத்தில் 'சின்ன, செல்ல' என்ற பொருள்தரும் விகுதியைச் சேர்த்தால் காஃப்ரிஞ்ஞா. ஆட்டத்தின் பெயரிலேயே அதை ஆடியவர்கள் யார் என்று எழுதியிருக்கிறது.

மறுபக்கம் பறங்கி. இதுவும் அரபு, பாரசீக நாக்குகள் வழியாக வந்ததுதான். ஃபிராங்க் என்ற ஐரோப்பியக் கூட்டத்தாரின் பெயர் ஃபரங்கி ஆகி, நம்மிடம் பறங்கி ஆயிற்று. ஆக, பிடில் கொண்டுவந்தவனுக்கும் தாளம் கொண்டுவந்தவனுக்கும் நம் கரையில் வழங்கிய பெயர்கள் இரண்டுமே நம் முன்னோர் வியாபாரம் பண்ணிய கடற்பாதையில் வந்த பெயர்கள். காஃபிர் என்ற சொல் தென்னாபிரிக்காவில் போய் இழிசொல்லாக மாறி, இன்று அங்கே அதைச் சொன்னால் வழக்கு வரும். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சத்தவர்களோ தங்களைக் காப்பிரிகள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையில் நாமும் வெறும் பார்வையாளர்கள் அல்ல. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பிரதேசத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்துக் கிழக்கில் குடியேற்றினான். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் சரித்திரத்தில் அது பெரிய அத்தியாயம். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம்தான் போனது. 1638இல் மட்டக்களப்பையும் 1639இல் திருகோணமலையையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இப்போது ஒளிய இடம் தேடும் முறை போர்த்துக்கேய வம்சத்தவருடையது. இங்கேயே பெண் எடுத்து, பிள்ளை பெற்று, கத்தோலிக்கராக வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்குப் போக ஊரில்லை. அவர்களும் இந்தக் கிழக்குக் கரையிலேயே நிலைத்தார்கள். துரத்தப்பட்டவர்களும் துரத்தியவர்களின் பேரர்களும் ஒரே கரையில் அயலவர்களானார்கள்.

மட்டக்களப்பிலும், நம் திருகோணமலை நகரில் பாலையூற்றுப் பக்கத்திலும் இன்றும் இருக்கிற பறங்கியர்கள் அவர்கள் வழி வந்தவர்கள். தச்சு, கொல்லு, தையல், மெஷின் திருத்துவது என்று கைத்தொழிலில் பேர்போனவர்கள். வீட்டில் ஒரு பாஷை பேசுவார்கள். போர்த்துக்கேயச் சொற்கள், ஆனால் வசனம் அமைகிற ஒழுங்கு நம் தமிழ் மாதிரி. ஒரு காலத்தில் அது இலங்கைத் துறைமுகங்களின் பொதுப் பாஷை. ஒல்லாந்தர் எவ்வளவோ முயன்றும் அதை ஒழிக்க முடியவில்லை. 1826இல் மெதடிஸ்த மிஷனரிமார் அந்தப் பாஷையில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள் என்றால் எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று பாருங்கள்.

அவர்களுடைய கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா இல்லாமல் இராது. வயலின் மெட்டை இழுக்கும், கிற்றார் மாதிரிக் கம்பி வாத்தியமும் மண்டலினும் சேரும், தாளத்துக்குத் தோல் மேளம். சோடி சோடியாக நின்று ஆடுவார்கள். வயலின் மெட்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றி வரும், ஆடுகிறவர்கள் களைக்கும் வரை. வட கரோலினாச் சோளக்கதிர் இரவுக்கும் இதற்கும் நடுவில் இரண்டு சமுத்திரம் இருக்கிறது, ஏற்பாடு என்னவோ ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் என்ற ஆங்கிலேயர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளில் மட்டக்களப்புப் பறங்கியரின் பாட்டுகளும் இருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கிறார்கள். அதில் போர்த்துக்கேயப் பாட்டுகள் தனியாக, 'நீகிரோ' பாட்டுகள் தனியாகத் தலைப்பிடப்பட்டிருக்கின்றன. ஒரே பாஷை, ஒரே கொப்பி. எந்தப் பாட்டு யாரிடமிருந்து வந்தது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேசையில் ஆறு அடி அடியுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று முதல் அடியை அழுத்தி அடித்தால் அது இரண்டு மூன்றுகள். அதே ஆறை ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு என்று அழுத்தினால் மூன்று இரண்டுகள். ஒரு கையில் முதலாவதும் மறு கையில் இரண்டாவதும் ஒரே நேரத்தில் அடித்துப் பாருங்கள். இடுப்பு தானாக ஆடும். பைலாவின் இரகசியம் அவ்வளவுதான். ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் இந்த அடுக்கு ஆபிரிக்க மேளக்காரருக்குக் கைவந்தது. சிறாம்பியடிக்காரர்களிடம் பிடில் இல்லை. றபான், சிரட்டை, போத்தலில் தட்டும் கரண்டி, சில வேளை ஒரு கதிரை. அதை வைத்தே அவர்கள் 'மஞ்ஞா' பாடி ஆடுகிறார்கள். கம்பியில்லாமல் தாளம் மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் கேட்க வேண்டும்.

1940களில் வாலி பஸ்தியான் என்ற பறங்கியர் அந்த ஆறடித் தாளத்துக்குச் சிங்கள வரிகள் போட்டுப் பாடத் தொடங்கினார். தொழில் பொலிஸ். கோரஸ் பைலா என்று அது நாடெங்கும் பரவியது. பைலாக் குழுக்களில் வயலினோடு மண்டலினும் பேன்ஜோவும் வந்து உட்கார்ந்தன. இந்த இடத்தில்தான் நாம் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும். மேற்கு ஆபிரிக்கச் சுரைக்குடுவை, அடிமையின் கையோடு அமெரிக்கா போய், அங்கே கேலிக்கு ஆளாகி, தொழிற்சாலையில் இரும்பு வளையம் போட்டுக்கொண்டு, கப்பலேறி இலங்கைக்கு வருகிறது. இங்கே வந்து பார்த்தால், வேறு கரையிலிருந்து வேறு கப்பலில் வந்த ஆபிரிக்கரின் தாளம் முன்னூறு வருடமாகக் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து வாசித்தன. பேன்ஜோவும் ஆபிரிக்காவிலிருந்து வந்தது என்று அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

தமிழுக்கும் இது வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் கேட்காத தமிழர் உண்டா? பொப் பாட்டு என்றோம். அடித்தளம் அதே பைலாத் தாளம்.

பிடிலின் இன்னொரு பயணத்தையும் கொஞ்சம் ஒப்பிட்டால் நல்லது. அதே வயலின் சென்னையில் ஆங்கிலேயரின் பேண்ட் வழியாகப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) கையில் கிடைத்தது. அவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. தரையில் சம்மணமிட்டு, வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றி, கமகம் போட்டு வாசித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. அங்கே அதற்கு சபா கிடைத்தது, பாடத்திட்டம் கிடைத்தது, பட்டம் கிடைத்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் வயலினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குடித்துவிட்டு ஆடுகிற பாட்டு என்ற பெயர்தான் கிடைத்தது. வாத்தியம் ஒன்றுதான். வைத்திருந்தவன் யார் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது.

இப்போது நிலைமை இதுதான். பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் பெரியவர்கள் அந்தப் பாஷையில் பேசுவார்கள், பேரப்பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்கள். பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். 2004 சுனாமி மட்டக்களப்பு டச்பாரில் பறங்கிக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. போனவர்களோடு எத்தனை மெட்டுகள் போயின என்று கணக்கெடுக்க ஆளில்லை. நல்ல செய்தியும் உண்டு. லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சில வருடங்களுக்கு முன் இங்கே வந்து, பேச்சு, பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்து ஆவணக்காப்பகத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன் கே. டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நெவிலின் கொப்பிப் பாட்டுகளை 1990இல் நூலாக்கினார். லிஸ்பனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆள் வருகிறது. தம்பலகாமத்திலிருந்து பாலையூற்றுக்கு அரைமணி, முக்கால் மணி நேரம்.

ஜோ தொம்சனின் வீட்டுக்கு அந்த மூன்று பேர் போனார்களே, அவர்கள் பெரிய திட்டமொன்றும் எழுதிக் கொடுத்துப் போகவில்லை. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தார்கள்.

இந்த வருடம் சமூகப் பாடக் கண்காட்சிக்கு, நம் மாவட்டத்துப் பறங்கியர் பற்றி மாணவர்கள் ஒரு பகுதி செய்ய இருக்கிறார்கள். பதிவை வாசிக்கிறவர்களிடம் ஓர் உதவி. 70கள், 80களில் திருகோணமலைப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களுக்குப் போய்வந்த வாப்பாமார், அப்பாமார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அங்கே யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள், ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் எடுத்து அனுப்புங்கள். இடம்பெயர்வுகளைத் தாண்டித் தப்பிய பழைய கசெட், போட்டோ ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கொப்பி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். பறங்கிய நண்பர்கள் யாராவது வகுப்புக்கு வந்து வயலின் வாசித்துக் காட்ட விரும்பினால், நாளை நீங்களே சொல்லுங்கள். பைலா மாதிரி இருக்கிறது என்று சொன்ன அந்தப் பிள்ளையை முன்வரிசையில் இருத்துகிறோம்.